அம்மாவின் சொற்களுக்கு அண்ணன் வைத்த இடைவெளி

அம்மா வேலைவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே புதுத்துணியின் கஞ்சி வாடை உள்ளே வந்துவிடும். கண்டி நகரத்தில், கொழும்பு வீதியில் இருந்த ஒரு புடவைக் கடையில் காலையிலிருந்து மாலைவரை நின்றபடியே வேலை பார்த்தவர் அவர். அம்பிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் வீட்டுக்கு ஏறும் செங்குத்தான படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கதவைத் தள்ளி, கைப்பையைக் கதிரையில் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொள்ளும்போது, அவர் தோளில் அன்றைக்குப் பிரித்துக் காட்டிய புடவைகளின் வாடை எல்லாம் கலந்து கிடக்கும். வாடிக்கையாளர் தயங்கி நின்றால் அம்மா புடவையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். குள்ளமான, கறுத்த, வயிறு சற்றே தள்ளிய என் அம்மாவின் தோளில் பார்த்ததும் அந்தப் புடவை தங்களுக்கும் பொருந்தும் என்று பெண்களுக்குத் தைரியம் வந்துவிடும் என்று கடை முதலாளி சொல்லிச் சிரிப்பாராம்.

அம்மாவுக்கு இரண்டு பேச்சு இருந்தது. கடையில் சிங்களம், அதுவும் தேன் தடவிய கடைச் சிங்களம். வீட்டில் தமிழ், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவரின் தமிழ். விடிந்த பிறகும் போர்வைக்குள் கிடக்கும் அண்ணனை அவர் பெயர் சொல்லி எழுப்பியதே இல்லை. "பெரிய தொர இன்னும் எந்திரிக்கலையா? வேல பிரிச்சுக் குடுக்க ஆளு நிக்கிறாங்க, தொர!" என்பார். தோட்டத்துத் துரையைச் சொல்வதுபோல் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே பணிவாக நிற்பார். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டுப் பின்னாலேயே திரியும் நான் "கங்காணியம்மா". அப்பா மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்ததால் வீட்டில் அவர் "தண்ணித் தொர". அம்மாவைப் பொறுத்தவரை எங்கள் மூவரின் உண்மைப் பெயர்களும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும்தான் பயன்பட்டன.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த வருடம், சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்த வாரத்தில், மேல்தட்டிலிருந்து ஒரு புடவையை எடுக்கக் கையைத் தூக்கிய அம்மா அப்படியே சரிந்து விழுந்தார். மூளையில் இரத்தம் அடைத்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலது கை மெல்ல மெல்ல அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

பல நாள் மௌனத்துக்குப் பிறகு ஒரு மாலை, நான் கட்டிலருகே குனிந்து "அம்மா" என்றபோது, அவர் என்னைப் பார்த்து "என்ன?" என்றார். அப்பா வார்டு என்றும் பாராமல் சத்தமாக அழுதார். மறுபடி கூப்பிட்டோம். மறுபடியும் "என்ன?" என்றார். அண்ணன்தான் அம்மாவின் இடது கையைக் கவனித்தான். அது உள்ளங்கை மேலாகத் திரும்பி, எதையோ காட்டி, எங்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தது. "அப்பா, அம்மா தமிழ்ல கேக்கல" என்றான் அவன். சிங்களத்தில் "என்ன" என்றால் வாருங்கள் என்று அர்த்தம். அடுத்த நாள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மற்றவையும் வந்தன. என் கன்னத்தைத் தடவி, முகத்தில் அந்தக் கடைச் சிரிப்போடு, "என்ன நங்கி, மொன பாடத ஓனே?" என்றார். வாங்க தங்கச்சி, என்ன கலர் வேணும் என்று அர்த்தம். பெற்ற மகளைக் கடைக்கு வந்த பிள்ளையாக வரவேற்றார் என் அம்மா. நான் நீலம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ் நல்லவர், சிங்களவர். எந்த மொழி முதலில் வருகிறதோ அதையே பிடித்துக்கொண்டு ஏறட்டும் என்றார். அப்பாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. "வாய் திறந்தாளே, அது போதும். எந்தப் பாஷையா இருந்தா என்ன? நமக்கும் சிங்களம் தெரியுந்தானே" என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை. உயிரியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தான், பாடசாலையே அவனை வருங்கால டொக்டர் என்று கூப்பிட்டது. "கடையில பேசுற பேச்சு அம்மாவுக்கு வந்திருச்சு. நம்மகிட்ட பேசுற பேச்சு வரல. அத நாங்க கொண்டு வருவோம்" என்றான். நாங்கள் என்று அவன் சொன்னது தன்னையும் என்னையும்.

அவன் படித்த முறை ஒன்று உண்டு. பழைய கைபேசியில் ஒரு செயலியை இறக்கி வைத்திருந்தான். அதில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று ஆயிரக்கணக்கில் அட்டைகள். ஒரு விடை தெரிந்தால் அந்த அட்டை சிறிது காலம் ஒளிந்துகொள்ளும், பிறகு மறக்கப் போகிற தறுவாயில் திரும்பி வந்து கேட்கும். ஒவ்வொரு முறை சரியாகச் சொல்லும்போதும் அது ஒளியும் காலம் நீளும். இதில் எல்லாவற்றையும்விட முக்கியம், புதிதாகப் படித்த ஒன்றை முதல் தடவை எப்போது திரும்பக் கேட்பது என்பதுதான் என்று அண்ணன் எனக்கு விளக்கியிருந்தான். உடனே கேட்டால் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்துவிடுவோம், மனதில் நிற்காது. தள்ளிக் கேட்டால் போயே போயிருக்கும். அந்த முதல் இடைவெளிகளைச் செயலியில் நாமே குறித்துக் கொடுக்கலாம். அண்ணன் பல வாரங்கள் மாற்றி மாற்றிப் பார்த்து, தனக்குப் பத்து நிமிடம், பிறகு ஒரு நாள், பிறகு மூன்று நாள் என்று வைத்திருந்தான். கொஞ்சம் கஷ்டப்பட்டு நினைவுக்குக் கொண்டுவந்தால்தான் அது நிற்கும் என்பது அவன் கட்சி.

அதே அளவுகளோடு அம்மாவுக்கும் ஒரு கட்டு அட்டை உண்டாக்கினான். வீட்டிலிருந்த சாமான்களை நான் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க, அவன் படம் எடுத்தான். குடை, சீப்பு, கோப்பை, சாவி, செருப்பு. அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, படத்தைக் காட்டி, "இது குடை" என்று சொல்லிக்கொடுப்பான். அம்மாவும் "குடை" என்பார். பத்து நிமிடம் கழித்துத் திரை மறுபடியும் குடையைக் காட்டும். அம்மா அதைப் பார்ப்பார். உதடு குவியும். தொண்டை ஏறி இறங்கும். ஒன்றும் வராது. சில வேளை சிங்களத்தில் "குடே" என்று வரும், இல்லை என்று அண்ணன் தலையசைப்பான். தெரியாது என்ற பொத்தானை அழுத்தினால் அட்டையின் ஓரம் சிவக்கும். சில நாட்களில் அம்மா படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தச் சிவப்பையும் அண்ணன் முகத்தையும்தான் பார்த்தார்.

அப்பா பக்கத்தில் நின்றால் விடையை மெல்லக் காற்றில் விடுவார். "சீப்பு, புஷ்பம், சீப்பு" என்று அம்மாவின் பெயரையும் சேர்த்து உதட்டை மட்டும் அசைப்பார்.

"சொல்லிக் குடுக்காதீங்க அப்பா. அவங்களே தேடணும்."

"என்னத்தடா தேடுறது? காலையில இருந்து தேடிக்கிட்டுத்தானே இருக்கா. உங்கம்மா என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, நீ சோதன வைக்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல கையால் கைபேசியைத் தட்டிவிட்டார். அது சுவரில் பட்டு விழுந்தது. அண்ணன் அதைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். அம்மாவின் கண்ணில் இருந்தது கோபம் அல்ல, வெட்கம். புடவை விற்ற காலத்தில் எவருக்கும் முன்னால் தலை குனியாத ஒருவர், பெற்ற மகன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் தலை குனிந்திருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கும் அந்தப் படங்களைத் தொடப் பிடிக்கவில்லை.

வழி திறந்தது ஒரு மின்வெட்டினால். ஆனி மாதத்து மழைப் பகல். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அண்ணன் டியூசனுக்குப் போயிருந்தான், கரண்ட் இல்லாததால் கைபேசி செத்துக் கிடந்தது. அம்மா குசினி வாசலில் நின்று கேத்தலைக் காட்டி "அது... அது..." என்றார். "தேத்தண்ணியா அம்மா?" என்றேன். முகம் மலர்ந்து "தேத்தண்ணி" என்றார். வந்த சொல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் உடனே, "என்ன வேணும்?" என்று கேட்டேன். "தேத்தண்ணி." கேத்தலில் தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன். "தேத்தண்ணி." அடுப்பைப் பற்றவைத்த பிறகு, கோப்பைகளைக் கழுவிய பிறகு, தண்ணீர் கொதித்த பிறகு, குடித்து முடித்துப் பேச்சு வேறெங்கோ போன பிறகு என்று, கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. பயத்தில் வளவளத்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவைகூட அம்மா தவறவில்லை. மாலையில் நனைந்துபோய் வந்து குடையை மடக்கிய அப்பாவிடம், எவரும் கேட்காமலே, "தேத்தண்ணி?" என்றார். அப்பா குடையைக் கீழே போட்டுவிட்டார்.

அண்ணன் வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் என்னிடம் கேட்டான். முதலில் எப்போது கேட்டாய், அடுத்து எப்போது, நடுவில் என்ன செய்தாய். கேட்டு முடித்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "எனக்கு வச்ச அளவ அம்மாவுக்கு வச்சிட்டேன், தர்ஷி" என்றான். "பத்து நிமிசம் அம்மாவுக்கு ரொம்பத் தூரம். அவங்க விழுற எடத்துல போயி நின்னு கேட்டிருக்கேன்."

அன்றிலிருந்து செயலியை ஒதுக்கிவைத்தோம். கடையிலிருந்து கொண்டுவந்த புடவைப் பெட்டிகளின் மட்டையை வெட்டி, படம் ஒட்டி, கையால் பிடித்துக் காட்டினோம். முதல் இடைவெளி ஒரு மூச்சு. சரியாகச் சொன்னால் இரண்டு மூச்சு, பிறகு நான்கு, பிறகு கூடத்தில் ஒரு தரம் நடந்து வரும் நேரம். தடுமாறினால் காத்திருக்கவைக்காமல் நாங்களே சொல்லிவிடுவோம், அவரும் திரும்பச் சொல்லுவார். அப்புறம் செயலி செய்ததுபோல் ஆரம்பத்துக்கே தள்ளாமல், கடைசியாக எந்த இடைவெளியில் ஜெயித்தாரோ அதற்குத்தான் திரும்புவோம். ஒரு சொல் ஒரு முழு இரவைத் தாண்டி விடிந்தும் நின்றால், அப்பா அதைத் தன் மீட்டர் நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வருவார். சீப்பு தாண்டியது. சாவி தாண்டியது. அம்மா சிரிக்கத் தொடங்கினார். "சோறு போதும்" என்று முதன்முதலாக இரண்டு சொல் சேர்த்துச் சொன்ன அன்று, போதும் என்ற பிறகும் அப்பா இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டு, மறுபடி சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்.

ஆனால் மூச்சுக்கு மூச்சு கேட்க ஓர் ஆள் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில், அப்பா வேலையில். அண்ணன்தான் வீட்டில். உயிரியல் புத்தகம் மடியில் திறந்திருக்கும், கண் அம்மாவின் உதட்டில் இருக்கும். டியூசனை ஒவ்வொன்றாக விட்டான். "காலையில படிச்சிட்டேன் அப்பா" என்பான். படித்திருக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஏன் அவனைப் பிடித்து நிறுத்தவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். அம்மா வாய் திறந்த சந்தோஷத்தில் அந்த வீட்டில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர்களின் முறை வந்தபோது அப்பா என் படத்தையும் அண்ணன் படத்தையும் மட்டையில் ஒட்டச் சொன்னார். என்னுடையதை அண்ணன் ஒட்டினான். சில நாட்களில் நான் "நங்கி"யிலிருந்து "தர்ஷினி" ஆனேன். தன்னுடையதை ஒட்ட மறுத்துவிட்டான். அம்மா அவனை அப்போது "மல்லி", அதாவது சிங்களத்தில் தம்பி, என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், கடையில் தேநீர் கொண்டுவரும் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி. "எம் பேரப் பாடமாக்கி அவங்க சொல்ல வேணாம் அப்பா. அது ஒண்ணாவது தானா வரட்டும்" என்றான். ஆவணி வந்தது, பரீட்சை முடிந்தது, மார்கழியில் முடிவும் வந்தது. மருத்துவபீடத்துக்குப் போதவில்லை. பிள்ளை இன்னொரு தடவை எழுதட்டும் என்று அப்பா மன்றாடியும் அண்ணன் எழுதவில்லை. அடுத்த வருடம் கட்டாரில் ஒரு ஹோட்டலின் களஞ்சியத்தில் வேலை கிடைத்துப் போனான். வாசலில் அவன் பெட்டியோடு நின்றபோது, அம்மா தலையில் கைவைத்து, "கவனமா போ, மல்லி" என்றார்.

அவன் போன பிறகு ஒரு நாள் அப்பா என்னிடம் மட்டையும் பசையும் கொண்டுவந்து வைத்தார். "போடு பாப்பா. அவன் திரும்பி வந்து நிக்கிறப்ப இவ முழிக்கக் கூடாது" என்றார். நான் அண்ணனின் படத்தை ஒட்டினேன். முதல் இடைவெளி ஒரு மூச்சு. என்ன பெயரைச் சொல்லிக்கொடுப்பது என்று எங்களுக்குத் தயக்கமே வரவில்லை, அடையாள அட்டையில் உள்ள பெயரையே சொல்லிக்கொடுத்தோம். மழைக்காலம் முடிவதற்குள் அது ஒரு வாரத்தைத் தாண்டி நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தான். வழக்கம்போல, சாப்பிட்டீங்களா அம்மா என்றுதான் கேட்டான். அம்மா திரையை உற்றுப் பார்த்து, முதுகை நிமிர்த்தி, "யோகேஸ்வரன்" என்றார். வகுப்பில் வரவு இடாப்பில் பெயர் கூப்பிடுவதுபோல் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அப்பா கை தட்டினார். அண்ணன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு, "தர்ஷி, நீ அட்ட போட்டியா?" என்றான்.

"ஆமாண்ணே. அப்பாதான் போடச் சொன்னாங்க."

பிறந்ததிலிருந்து அம்மா ஒரு நாளும் தன்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை என்று அவன் சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. பெரிய தொர எங்கள் எவருடைய அட்டையிலும் இருக்கவில்லை. கங்காணியும் இருக்கவில்லை.

"எத்தன நாளைக்கு ஒருக்கா கேக்குற?" என்றான்.

"வாரத்துக்கு ஒருக்கா."

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா கேளு. ரொம்பத் தூரமாக்காத" என்றான் அண்ணன்.

அப்படியே கேட்டேன். அம்மா இன்னும் சில வருடங்கள் இருந்தார். தமிழ் பேசினார். குடை, சாவி, சோறு, மருந்து, வலி, வா, போ, தர்ஷினி, யோகேஸ்வரன். நாங்கள் தேர்ந்து கொடுத்த தமிழ் முழுவதையும் நல்ல பிள்ளையாகப் பேசினார். இரண்டாவது தடவை விழுந்தபோது எழவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தது மறுநாள்.

இப்போது அம்பிட்டிய வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அப்பா என்னோடு குண்டசாலையில். அரச வேலைக்கு இரண்டாம் மொழிப் பரீட்சை எழுத வேண்டியிருப்பதால் நானும் அந்தச் செயலியில் சிங்களச் சொற்களைச் சேர்த்திருக்கிறேன். முதல் இடைவெளி எவ்வளவு என்று அது கேட்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் விரல் நின்றுவிடுகிறது. பழைய கைபேசியிலிருந்து எடுத்துவைத்த படங்களில் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் இருக்கிறது. நோய்க்கு முன் அம்மா பேசியது ஒரு வரிகூடப் பதிவாகி இல்லை. அது தீர்ந்துபோகக்கூடிய பொருள் என்று எவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தான். ஒரு பின்னேரம் மூவரும் முன் விறாந்தையில் இருந்தபோது, மலைப்பக்கமிருந்து பனி மாதிரி ஒரு தூறல் இறங்கியது. ஆளை நனைக்காது, தலைமயிரில் மட்டும் பொட்டுப் பொட்டாக நிற்கும். தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்துப் பழக்கத்தில் அம்மா அந்தத் தூறலுக்கு என்று ஒரு சொல் வைத்திருந்தார். காயப்போட்ட துணியை எடுக்க ஓடும்போது அதைச் சொல்லிக் கத்துவார்.

"அம்மா இதுக்கு ஒண்ணு சொல்லுவாங்களே, என்னப்பா அது?" என்றான் அண்ணன்.

நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. அப்பா வாயைத் திறந்தார், முதல் எழுத்து வந்துவிட்டதுபோல உதடு குவிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "வருது, வரமாட்டேங்குது" என்றார். தூறல் நின்றது. இன்னும் சற்றுப் பொறுத்து, "போயிருச்சு யோகு" என்றார்.